ஆடாத பேரிங்

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் எழுபதுகளில், பலாபத்வலையிலிருந்து யட்டவத்த வரைக்கும் எங்கே தண்ணீர்ப் பம்பு நின்றாலும் என் பட்டறையைத்தான் தேடி வருவார்கள். எந்த இஞ்சினியரும் எனக்கு எதையும் சொல்லித் தந்ததில்லை. பேரிங் பொறுக்க எனக்குப் புத்தகம் வேண்டாம். சுண்டுவிரலில் மாட்டிக் காதோரம் ஆட்டிப் பார்ப்பேன். லொடலொடத்தால் கழிவு.

உக்குவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஃபேக்டரியில் டீமேக்கராக இருந்தவர் என் கூட்டாளி, எனக்கு இளையவர். ஊருக்குப் போன வெள்ளைக்கார துரை, பொம்மை விமானத்து இஞ்சின் ஒன்றை அவருக்குக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. அதற்கென்று இரண்டு வருஷமாக மெல்லிய பலகையில் விமானம் செய்து வைத்திருந்தார். முடிகிற நேரத்தில் பேரிங் தேய்ந்து இஞ்சின் உதறியது. அதற்குள் அவருக்கு இந்தியா பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. புதன்கிழமை குடும்பத்தோடு இந்தியாவுக்கே போய்விடக் கப்பலேறத் தலைமன்னார் ரயில். ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மைதானத்தில் ஒரேயொரு தடவை அது பறப்பதைப் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்றார்.

வெளிநாட்டுச் சாமான் வராத காலம். கடை கடையாக ஏறி அந்த அளவில் இரண்டு பேரிங் பிடித்தேன். இரண்டும் எண்ணெய்த்தாள் பிரிக்காத புதுசு. ஒன்று அசையாமல் நின்றது. மற்றது லேசாக ஆடியது.

"ஆடுறதையே போடுங்களேன்ணே. பழையதும் புதுசுல கொஞ்சம் ஆடத்தான் செஞ்சுச்சு."

"பேரிங்கப் பத்தி எனக்கே பாடமா? நீங்க போய்க் கொழுந்த வாட்டுங்க தம்பி" என்றேன். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டார்.

இஞ்சின் உடம்பை அடுப்பில் சூடாக்கி, ஆடாத பேரிங்கை உள்ளே இறக்கினேன். ஆறியதும் அலுமினியம் சுருங்கி அதைக் கவ்விக்கொண்டது. கையால் சுழற்றினால் இறுக்கமாக இருந்தது. ஓட ஓட இளகும் என்று சொன்னேன். பம்பில் அப்படித்தான் இளகும். இது வண்டு மாதிரிச் சுற்றுகிற சாமான் என்பதை நான் யோசிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மனைவி பிள்ளைகளோடு வந்தார். மண்ணெண்ணெய், ஈதர், ஆமணக்கெண்ணெய் எல்லாம் அவரே கலந்து போத்தலில் கொண்டுவந்திருந்தார். முதலில் தரையில் வைத்து ஓட்டினோம். ஒரு நிமிஷம் அருமையாகக் கத்தியது. பிறகு கீச்சென்று இழுத்து நின்றுவிட்டது.

கழற்றினேன். பேரிங் குண்டுகள் சூட்டில் நீலம் பாய்ந்து உடைந்திருந்தன. துணுக்குகள் போய்ப் பிஸ்டனையும் கீறிவிட்டன. இனி அந்த இஞ்சின் ஓடாது. ஆட்டமே இல்லாத பேரிங், குண்டு உருள இடமில்லாமல் இறுகியதுதான் காரணம் என்று பார்த்தவுடனே எனக்குப் புரிந்துவிட்டது. எண்ணெய் போதாவிட்டாலும் குண்டு நீலம் பாயும் என்பதும் எனக்குத் தெரியும். சுற்றி ஊர் ஆட்கள் நின்றார்கள்.

"ஆமணக்கெண்ணெயக் கம்மியாக் கலந்திருக்கீங்க தம்பி" என்றேன்.

அவர் போத்தலைத் தூக்கி வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"சாமான் கட்டுற அவசரத்துல அளவு தப்பிட்டேன் போல. உங்க வேலையையும் சேத்துக் கெடுத்துட்டேன். மனசுல வச்சுக்காதீங்கண்ணே."

பரவாயில்லை என்றேன். புதன்கிழமை ரயிலடியிலும் அவர் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவருடைய பெட்டிகளை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொடுத்தேன்.