படித்தது நான், கணக்கில் என் மகனா?

வடக்குத்து ஊரில் சொந்த மனை, அதில் மாடி வீடு, பின்னால் பட்டறை, சுரங்க ஒப்பந்தக்காரர்கள் வாசலில் வந்து நிற்கிற அளவுக்குப் பேர். எல்லாம் நான் உண்டாக்கியது. அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன். கூட இருந்தவர்கள் சுரங்கத்தில் பர்மனென்ட் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தபோது, நான் நிலக்கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட் அறுந்தால் ஒட்டித் தரும் தொழிலைப் பிடித்தேன். மகனை இன்ஜினியர் ஆக்கியதும் அந்தத் தொழில்தான்.

துணி வைத்த பெல்ட் போய், உள்ளே எஃகுக் கம்பி ஓடும் பெல்ட் வந்தது. சான்றிதழ் இல்லாதவனுக்கு அந்த வேலை கிடையாது என்றார்கள். என் பணத்தைக் கட்டி, கோயம்புத்தூரில் மீசை முளைக்காத பையன்களோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். பரீட்சையில் தேறினேன். அந்தப் பையன்களில் சிலர் தேறவில்லை, அதையும் எழுதி வைக்கிறேன்.

பயிற்சி ரசீதோடு பண்ருட்டியில் எங்கள் வரிக் கணக்கைப் பார்ப்பவரிடம் போனேன். மகனும் வந்தான். அவனும் சொந்தமாக டிசைன் வேலை செய்கிறவன், அவன் கணக்கும் அவரிடம்தான். ரசீதைப் பார்த்து அவர் இளித்தார்.

"ஐயா, உங்களுக்கு வரவுல நூத்துக்கு இவ்ளோ லாபம்னு மொத்தமா காட்டிக்கினு வரேன். அதுல செலவத் தனியா கழிக்க முடியாதுங்க. பில்ல தம்பி பேருக்கு மாத்திக்குங்க. அவருக்காச்சும் வரி கொறையும்."

"படிச்சது நானு."

"இருக்கட்டுங்க. இன்ஜினியரு ட்ரெய்னிங் போனாருன்னா ஒருத்தனும் கேக்க மாட்டான். அஞ்சாங்கிளாசு படிச்சவரு இந்த வயசுல போனாருன்னா எனக்கே சிரிப்பு வருதே!"

பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறவன் படித்தவன், அதற்குப் பலகை வேறு மாட்டியிருக்கிறான். மகன் திட்டுவான் என்று திரும்பினேன். அவன் போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

"யாரு பேர்ல இருந்தா இன்னாப்பா? வூட்டுக் காசுதானே."

"சுடுற பெல்ட்டு மேல ஒரு ஷிப்டு முட்டி போட்டுக்கினு நில்லுடா. அப்புறம் உன் பேரப் போடச் சொல்றேன்."

கணக்குப் பார்ப்பவர் பயம் காட்டினார். முழுக் கணக்கு எழுத வேண்டுமாம், எல்லா பில்லும் வேண்டுமாம், அவர் கூலி ஏறுமாம், பழைய முறைக்குச் சீக்கிரம் திரும்ப முடியாதாம். "ஏறட்டும், எழுதுங்க" என்றேன். என் பட்டறையில் பில் இல்லாமல் ஒரு ஆணிகூட வாங்கியதில்லை. மறுநாளே சாக்கில் கட்டிக்கொண்டுபோய் மேஜையில் கொட்டினேன்.

போன வாரம் கணக்கைத் தயார் செய்து போனுக்கு அனுப்பினார். மகனைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பயிற்சி என்ற சொல்லே இல்லை. டீ, துடைப்பம், பினாயில் வாங்கியதோடு என் படிப்பையும் சேர்த்து 'இதர செலவு' என்று எழுதியிருந்தார்.

"எப்டி எழுதினாலும் வரி அதேதான் வருதுப்பா. ஓகே சொல்லிடு" என்றான்.

அதே வரி வரலாம். துடைப்பம் வாங்கியதும் நான் படித்ததும் ஒன்றா? கணக்கை அனுப்ப ஓடிபி என் போனுக்குத்தான் வரும். அதை நான் சொல்லப்போவதில்லை. அவருக்கும் என் மகனுக்கும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்: 'தொழில் பயிற்சி' என்று தனியாக ஒரு வரியில் எழுதுங்கள். படித்தவன் நான், பணம் கட்டியவனும் நான் என்று அதில் தெரியட்டும்.