பெண் பார்க்க வந்தவர்கள் அருவிக்குப் போனார்கள்

சென்ற ஆண்டு குற்றால சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து இருபதுக்கு என் கணவரின் கைப்பேசி ஒலித்தது. பத்து மணிக்கே இலஞ்சியில் எங்கள் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்திருக்க வேண்டிய கோவில்பட்டிக்காரர்கள், குற்றாலத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். "தண்ணி நல்லா விழுது. ஒரு குளியலப் போட்டுட்டு வந்துருதோம்" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. சீசனில் எங்கள் பக்கம் எந்த விசேஷம் வைத்தாலும் இதுதான் நடக்கும். கல்யாணமோ காதுகுத்தோ, வெளியூர்க்காரர்கள் முதலில் அருவிக்குப் போய்விட்டு ஈரத் தலையோடுதான் பந்திக்கு வருவார்கள். அதிலும் கரிசல் காட்டுக்காரர்கள், தண்ணீரின் அருமை தெரிந்தவர்கள். தெரிந்தும் ஆனி மாதத்தில் நாள் குறித்தவள் நான்தான். எனக்கு அவ்வளவு அவசரம்.

அவசரத்தின் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முந்தைய ஆண்டு எனக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவைச் சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு என்று எல்லாமே திருவனந்தபுரத்தில் நடந்தன. முடிந்ததும் மருத்துவர், "இப்போது நோயின் அடையாளம் எதுவும் இல்லை. பரிசோதனைக்கு மட்டும் தவறாமல் வாருங்கள். பள்ளிக்கூட வேலைக்குத் திரும்புங்கள். இனிமேல் என்ன செய்யலாம் என்று திட்டம் போடுங்கள்" என்றார்.

நானும் திட்டம் போட்டேன். ஆனால் அந்தத் திட்டத்தில் நான் இல்லை. பீரோ சாவி எங்கே இருக்கும், கேஸ் புக் செய்வது எப்படி, ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கணவருக்குக் கற்றுக்கொடுத்தேன். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதையும் கேள்வி கேட்காமல் கற்றுக்கொண்டார். அதற்கப்புறம் மிச்சம் இருந்தது எங்கள் ஒரே மகள்தான். அவள் விவசாயப் பட்டப்படிப்பை முடித்திருந்தாள். கோயம்புத்தூரில் மேற்படிப்புக்கு இடமும் கிடைத்திருந்தது. இரண்டு ஆண்டுப் படிப்பு. அந்த இரண்டு ஆண்டு என் கையில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த பரிசோதனையில் என்ன சொல்வார்களோ, அதற்குள் ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்துவிட வேண்டும். "கல்யாணத்துக்கு அப்புறமும் படிக்கலாம்" என்றேன். "சரிம்மா" என்றாள். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தரகர் அண்ணாச்சி விவரமானவர். "பொய் சொல்லண்டாம் டீச்சர், உள்ளதையும் சொல்லண்டாம்" என்று சொல்லிவிட்டு, எனக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன் நடந்ததாக அவரே கோவில்பட்டியில் சொல்லி வைத்தார். தாய்க்கு வந்தது மகளுக்கும் வரும் என்று பேசுவார்களே, அந்தப் பயம். எனக்கு அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்திருந்ததால் இடது கை லேசாக வீங்கும். அன்று அதை மறைக்க முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு அடுத்த தகவல் வந்தது. அருவியில் திடீரென்று வெள்ளம் கூடிவிட்டதாம், போலீஸ்காரர்கள் எல்லாரையும் கரையேற்றிவிட்டார்களாம். "அப்ப கிளம்பி வர வேண்டியதுதானே" என்றார் கணவர். அந்தப் பக்கம் பதில்: "பாதிப் பேரு இன்னும் நனையலயே." என் கணவர் போனை வைத்துவிட்டு, ராணுவமாக இருந்தால் இவர்களை என்ன செய்திருப்பார்கள் என்று தரகரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கேசரி இறுகிக்கொண்டிருந்தது. வடை தோலாகிக்கொண்டிருந்தது. பட்டுச் சேலையோடு மகள் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குக் காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்கூட இறங்கவில்லை.

பன்னிரண்டு மணி தாண்டி மறுபடி போன். வெள்ளம் குறைந்து மறுபடி குளிக்க விட்டபோது, பெண்கள் பக்கம் எண்ணெய் வழிந்த படியில் மாப்பிள்ளையின் அம்மா வழுக்கி விழுந்துவிட்டார். தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போயிருக்கிறார்கள்.

நம் ஊருக்கு வந்த இடத்தில் ஒரு பெண் விழுந்து கிடக்கும்போது வீட்டில் உட்கார்ந்திருக்க முடியுமா? மகள் ஸ்கூட்டரை எடுத்தாள். பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவள் ஓட்ட, பின்னால் நான்.

அவசர சிகிச்சை அறையில் ஆண்களை வெளியே நிறுத்தியிருந்தார்கள். உள்ளே அந்த அம்மா ஈரச் சேலையோடு, கணுக்கால் வீங்கி, குளிரில் வெடவெடத்துக்கொண்டு படுத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வலியை விட வெட்கம்தான் அவருக்கு அதிகமாக இருந்தது. "இந்தக் கோலத்துலயா நான் பொண்ணு வீட்டுக்காரங்களப் பாக்கணும்" என்றார். மகள் வெளியே போய் அவர்கள் வேனில் இருந்து மாற்றுச் சேலையை வாங்கி வந்தாள். திரையை இழுத்துவிட்டு, காலை அசைக்காமல் அவருக்கு உடுத்திவிட்டாள். தலையைத் துவட்டிவிட்டாள். பெண் பார்ப்பது அங்கேயே ஒருவாறு முடிந்துவிட்டது என்று நினைத்து எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அந்தச் சந்தோஷத்திலோ பட்டினியிலோ எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. சுவரைப் பிடித்தேன். ஒரு நர்ஸ் வந்து பக்கத்துக் கட்டிலில் என்னை உட்கார வைத்து, ரத்த அழுத்தம் பார்க்க இடது கையில் பட்டையைச் சுற்றினார். நான் யோசிக்கவே இல்லை. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு, "இந்தக் கையில எடுக்கக் கூடாது" என்றேன். இத்தனை மாதப் பழக்கம். அந்தக் கையில் அழுத்தமும் கூடாது, ஊசியும் கூடாது என்று திருவனந்தபுரத்தில் சொல்லிச் சொல்லி என் வாயிலும் ஏற்றிவிட்டிருந்தார்கள்.

நர்ஸ் சத்தமாகவே கேட்டார். "ஏம்மா, இந்தப் பக்கம் ஆபரேஷன் ஆயிருக்கா? மார்புலயா?"

அதற்குள் பக்கத்துக் கட்டிலில் இருந்து குரல் வந்தது. "கர்ப்பப்பைக்குன்னுல்லா சொன்னாக?"

 மகள்தான் பேசினாள். "இல்ல அத்தை. அம்மாவுக்கு மார்புல கேன்சர் இருந்துச்சு. வைத்தியம் முடிஞ்சிட்டு. இப்ப நல்லா இருக்காக. உங்ககிட்ட மறைச்சது தப்புதான்." எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை யாரும் உச்சரித்ததில்லை. 'அது' என்போம், 'உடம்புக்கு' என்போம். மகள் காய்ச்சல், தலைவலி என்பது போலச் சொல்லிவிட்டாள்.

அந்த அம்மா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அதுக்குத்தான் இம்புட்டு அவசரமா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிறகு எக்ஸ்ரே எடுக்கச் சக்கர நாற்காலியில் அவரை மகள் தள்ளிக்கொண்டு போனாள். அங்கே கூட்டம். இருவரும் திரும்பி வர வெகு நேரமாயிற்று. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எலும்பு முறிவு இல்லை, சுளுக்குதான் என்றார்கள். வெளியே மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அதற்குள் விஷயம் போயிருந்தது. "நாங்க பொறவு போன் பண்ணுதோம்" என்றார். பெண்ணைப் பெற்றவர்களுக்கு அதன் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டில் தரகர் அண்ணாச்சி காத்திருந்தார். கேட்டுவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டார். "ஒரு நிமிசம் அந்தக் கையவே குடுத்திருந்தா என்ன டீச்சர் கொறஞ்சு போயிரும்?"

என் கணவர் அமைதியாக எழுந்து, ஒரு பொட்டலம் வடையை அவர் கையில் கொடுத்து, "வெயில் ஏறதுக்குள்ள கிளம்புங்க அண்ணாச்சி" என்றார். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

மகள் சேலையை மாற்றிவிட்டு வந்து என் அருகில் உட்கார்ந்தாள். "உன் வாழ்க்கைய நானே கெடுத்துட்டேன்" என்றேன்.

"எம்மா, நீ சாகதுக்கு நாள் குறிச்சிட்டு, அதுக்குள்ள என்னையக் கட்டிக்குடுக்கப் பாக்குத. எனக்கு அதுதான் புடிக்கல. மாட்டேன்னு சொன்னா, சாகப்போறவ ஆசையத் தட்டுன மாதிரி ஆயிரும். அதான் வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

இத்தனை மாதமும் நான் அவளுக்காகத்தான் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன். என் பயத்தை அவள் தலையில் தூக்கி வைத்துவிட்டு, அவளையும் சுமக்கச் சொல்லியிருக்கிறேன். அவளும் 'சரிம்மா' என்று சுமந்திருக்கிறாள். சிகிச்சை முடிந்த பிறகு அன்றுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து அழுதோம். கணவர் அடுப்படியில் நின்று யாருக்கோ காப்பி போடுவது போல வெகு நேரம் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வாசலில் வேன் சத்தம் கேட்டது. மகன் தோளைப் பிடித்துக்கொண்டு, காலில் கட்டோடு, நொண்டி நொண்டி உள்ளே வந்தார் மாப்பிள்ளையின் அம்மா. கணவர் இழுத்துப் போட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் வீட்டுக்காரர் வேனை விட்டு இறங்கவில்லை.

"அவுக கோவமா இருக்காக, இருக்கட்டும். எனக்கும் வருத்தந்தான், ஒளிச்சிட்டீகளேன்னு. அத இப்பவே சொல்லிருதேன், மனசுல வச்சுக்கிடக் கூடாது" என்று தொடங்கினார். பிறகு என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். "உங்க மக படிக்கணும்ங்கா டீச்சர். எம் மகனும் இப்ப ஒண்ணும் அவசரமில்லங்கான். அவ கோயம்புத்தூர் போயிப் படிச்சு முடிக்கட்டும். முடிஞ்சதும் நாங்க வாரோம். அன்னைக்கும் ரெண்டு பேருக்கும் பிடிச்சிருந்தா மேற்கொண்டு பேசுவோம், இல்லன்னா சாப்பிட்டுட்டுப் போறோம். ஆனா வாசல்ல நின்னு எங்கள வாங்கன்னு கூப்பிட நீங்கதான் இருக்கணும். இப்பவே சொல்லிட்டேன். பொறவு வேற வேலை இருக்குன்னு சொல்லக் கூடாது."

நலம் விசாரிக்க வந்த எல்லாரும் நடந்து முடிந்ததைப் பற்றியே என்னிடம் கேட்டார்கள், இன்னும் வராத ஒரு நாளில் எனக்கு வேலை கொடுத்துவிட்டுப் போனவர் அவர் ஒருவர்தான். ஒவ்வொரு பரிசோதனைக்கு முன்னும் இன்றைக்கும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது, ஆனால் வாசலில் நிற்க வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுகிறேன்.