உடைந்த கப்பலில் என் கணவர் இருந்த இருபத்திரண்டு நாள்

என் கணவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். அந்த மனிதரை நினைத்து நாலு வருடம் நான் வயிறெரிந்து கிடந்தேன்.

கல்யாணத்துக்கு முன் என் கணவர் சரக்குக் கப்பலில், எஞ்சின் ரூமில் வேலை பார்த்தவர். அந்தக் கப்பல் லட்சத்தீவுப் பக்கம் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கடலே வேண்டாம் என்று மலையேறி வந்து பவர்ஹவுஸில் வேலைக்குச் சேர்ந்தார். எழுபதுகளின் நடுவில் நான் சித்திரபுரம் பவர்ஹவுஸ் குவார்ட்டர்ஸுக்கு வாழ வந்தேன். கப்பலைப் பற்றி அவர் என்னிடம் சொன்னது ஒரே வரி. "மோதிருச்சு, அப்புறம் வந்து காப்பாத்திட்டாக."

சிநேகிதர் அதே கப்பலின் சமையல்காரர், தூத்துக்குடிக்காரர். வருடம் ஒருமுறை வந்து மூன்று நாள் தங்குவார். செருப்பைக் கழற்றும்போதே, "என்னப்பா, தரை நேரா இருக்கா?" என்பார். இவர் விழுந்து விழுந்து சிரிப்பார். என்னிடம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

அடுப்படியில் நின்றுதான் மொத்தக் கதையையும் துண்டு துண்டாகக் கேட்டேன். ஆறு பேர் பிழைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு மணல்தீவு. அங்கே நல்ல தண்ணீரும் இல்லை, நிழலுக்கு ஒரு மரமும் இல்லை. அதனால் சாய்ந்து கிடந்த கப்பலிலேயே குடியிருந்தார்கள். உருண்டு விழாமலிருக்க இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு தூங்கினார்கள். தார்ப்பாயை விரித்து மழைத் தண்ணீர் பிடித்தார்கள். அறைப் பலகைகளை உடைத்து அடுப்பெரித்து, கடல்தண்ணீரில் ஊறிப்போன அரிசியைப் பொங்கித் தின்றார்கள். கடல் வற்றும் நேரத்தில் பாறைமேல் நடந்து தீவுக்குப் போய்ப் பறவை முட்டை பொறுக்கி வருவார்கள்.

நான் டீயோடு போனால் பேச்சு நின்றுவிடும். ஒருதரம் வேண்டுமென்றே சர்க்கரை போடாமல் கொடுத்தேன். சிநேகிதர் குடித்து முடித்து, "நல்லாருக்கு தங்கச்சி" என்றார். அதுவும் எனக்கு ஆத்திரமாக இருந்தது.

ஒரு திங்கட்கிழமை அவரிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. பிரித்துப் படித்தேன். வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்திருக்கிறது, வெள்ளிக்கிழமை கொச்சியில் ஏறுகிறேன், திரும்பி வர வருடக்கணக்காகும், ஒருதரம் வந்து பார்த்துவிட்டுப் போ என்று எழுதியிருந்தார். கடிதத்தை டிரங்குப் பெட்டியில் சேலைகளுக்கு அடியில் வைத்தேன்.

புதன்கிழமை சாப்பிடும்போது இவராகவே சொன்னார். "இந்த வருசம் அவரு ஒரு கடிதாசிகூடப் போடலயே. ஒடம்புக்கு என்னமோ."

அன்று ராத்திரி இரண்டுதரம் டிரங்குப் பெட்டியைத் திறந்து மூடினேன். வியாழக்கிழமை மதியம் கடிதத்தை எடுத்து நீட்டினேன்.

"எப்ப வந்துச்சு?"

"திங்கக்கிழம."

இவர் பையில் ஒரு வேட்டியைத் திணித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸுக்கு இறங்கிப் போய்விட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் திரும்பி வந்தார்.

"பாத்தீகளா?"

"கால்மணி நேரம். ஹார்பர் கேட்டுல நின்னே பேசுனோம்."

"நாந்தான் ஒளிச்சு வச்சேன்."

"தெரியும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. அவருகிட்ட மட்டும் அத்தன பேச்சு."

இவர் தலையைக் குனிந்தபடி சொன்னார். "கப்பல்ல ஒரு நாளைக்கு ஆளுக்கு டார்ச்சு மூடியால ஒரு மூடித் தண்ணி. எனக்குக் காய்ச்சல். நாலு நாள் அவரு பங்கையும் எனக்கு ஊத்துனாரு. நான் வேணாம்னு ஒரு தடவகூடச் சொல்லல. அவரு நாக்கு தடிச்சுக் கெடந்தத பாத்துக்கிட்டேதான் குடிச்சேன். இத உங்கிட்ட எப்பிடிச் சொல்ல?"

அந்த நான்கு மூடித் தண்ணீர் இல்லாவிட்டால் எனக்கு இந்தப் புருஷனே இல்லை. அது புரிந்தது. ஆனாலும் உள்ளே குத்திக்கொண்டுதான் இருந்தது. இவருக்காக அப்படி எதையும் நான் விட்டுக்கொடுத்ததில்லை, விட்டுக்கொடுக்கச் சந்தர்ப்பமும் வாய்த்ததில்லை.

சிநேகிதர் இவரிடம் கொடுத்துவிட்டிருந்த விலாசத்துக்கு நானே கடிதம் எழுதினேன். மறைத்ததை எழுதி மன்னிப்பும் கேட்டேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது, என் கணவர் பெயருக்கு. நான்கு பக்கமும் இவருக்குத்தான். கடைசியில் எனக்கு ஒரு வரி: "தங்கச்சி, விடு."

அந்த நான்கு பக்கத்தை இவர் எனக்கு வாசித்துக் காட்டினார். நடுவில் இரண்டு இடத்தில் தானாகச் சிரித்துவிட்டு, ஏன் என்று சொல்லாமல் தாண்டிப் போனார்.