சேலைக்குள் வந்த நெற்கதிர்

மயிலாடுதுறைப் பக்கம் எங்கள் ஊர். எங்கள் வயலில் நடவு நடும் பெண்களைப் பற்றி நான் எடுத்த குறும்படம் ஒரு வெளிநாட்டுத் திரைப்பட விழாவுக்குத் தேர்வாகியிருந்தது. இரண்டு விமானம் மாறி, தூக்கமில்லாமல் போய் இறங்கினேன்.

பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா என்று அங்கே சுங்க அதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். விதை, தானியம் ஏதாவது உண்டா என்றார். இல்லை என்றேன். திறந்து பார்த்தால், பட்டுச்சேலை மடிப்புக்குள் ஒரு கொத்து நெற்கதிர்!

எனக்குப் புரிந்துவிட்டது. முதல் கதிரை வாசல் நிலையில் கட்டுவது எங்கள் வீட்டு வழக்கம். விழா நடக்கிற இடத்திலும் கட்டட்டும் என்று மாமியார் சொல்லாமலே வைத்திருக்கிறார்.

பொய் சொன்னதாகத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்றே நினைத்தேன். அழக்கூடத் தெம்பில்லை. கடைசியில், விழாவின் அழைப்பிதழைப் பார்த்துவிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். கதிர் குப்பைத்தொட்டிக்குப் போனது. அன்று மாலை அதே வயல் திரையில் வந்தபோது எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குக் கொட்டாவிதான் வந்தது.

கதிருக்கு நேர்ந்ததை வீட்டில் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கிளம்புமுன் பெட்டியைத் தரையில் கொட்டி, ஒவ்வொரு துணியாக உதறித்தான் அடுக்குகிறேன்.

"என்னம்மா தேடுற?" என்றார் மாமியார்.

"பூச்சி கீச்சி இருக்கான்னு பாக்கறேன் அத்தை."

அடுத்த பயணத்துக்கு உதறியபோது, சேலைக்குள்ளிருந்து ஒரு கொத்து வேப்பிலை விழுந்தது.