முப்பத்தொரு பல்

அப்பாவின் லாரி மூன்றாவது கியரில் நிற்க மறுத்த வருஷம் எனக்கு ஒன்பது வயது. திரிசூலம் குவாரியில் ஜல்லி ஏற்றிக்கொண்டு ரோட்டுக்கு வந்து வேகமெடுக்கும்போது கியர் தானாகக் கழன்றுகொள்ளும். அப்பா ஒரு கையில் ஸ்டியரிங்கும் இன்னொரு கையில் கியர் கம்பியுமாக இரண்டு மாதம் அழுத்திப் பிடித்தே ஓட்டினார். பிறகு ஒருநாள் உள்ளே இரும்பு அரைபடும் சத்தம் கேட்டது. லாரியைச் செம்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்.

காலிமனைக்கு அப்போது குறைவே இல்லை. எங்களைச் சுற்றி ஏரிக்கரை வரைக்கும் எல்லைக்கல் நட்ட மனைகள்தான். அதில் வீடு கட்டிக் குடிவந்தவர்கள் நாங்கள் மட்டும். அம்மா ஏழரை மணி பஸ்ஸில் தாம்பரத்துத் துணிக் கம்பெனிக்குத் தைக்கப் போனால் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் திரும்புவாள். சொந்த லாரி படுத்துவிட்டதால் அப்பா வேறு ஒருவருடைய லாரியை ஓட்டப் போனார். எனக்கோ கோடை விடுமுறை. கூடப் பிறந்தவர்கள் கிடையாது. வீட்டுச் சாவியைக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரிடமாவது பேசவேண்டும்போல இருந்தால், ஏரிப்பக்கம் மாடு ஓட்டி வருகிறவரிடம் போய் மணி என்ன என்று கேட்பேன். அவரிடம் கடிகாரம் இல்லை என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அவர் தலையை அண்ணாந்து பார்த்துவிட்டு ஏதாவது ஒரு மணி சொல்லுவார்.

அந்த மே மாதத்தில்தான் கியர்பாக்ஸைப் பிரித்துக் கட்ட மாமா வந்தார். அம்மாவின் அண்ணன். அனகாபுத்தூரில் ஒரு லாரி ஷெட்டில் மேஸ்திரியாக இருந்தார். ஷெட்டுக்குப் பின்னாலேயே ஓர் அறையில் குடியிருந்தார். அத்தை தவறிப்போய் ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது, குழந்தைகள் இல்லை.

"எத்தினி நாள் ஆவும் மச்சான்?" என்று அப்பா கேட்டார்.

"நாலு நாள், மாப்ள. அஞ்சாம் நாள் வண்டி ஓடும்."

நான்கு நாள் நான்கு வாரமானது.

கியர்பாக்ஸை ஜாக்கி வைத்துக் கீழே இறக்கி, கோணிமேல் வைத்துத் திறந்தார். பெரிதும் சிறிதுமாகப் பல்சக்கரங்கள், இரண்டு தண்டுகள், பேரிங்குகள். ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் தருவார். நான் துடைத்து, வந்த வரிசையிலேயே கோணியில் அடுக்குவேன். மூன்றாவது கியரின் சக்கரத்தில் பற்கள் மழுங்கியிருந்தன. அதை என்னிடம் கொடுத்து எண்ணச் சொன்னார். முதல் பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டு எண்ணினேன். முப்பத்தொன்று.

அந்த லாரி பல கை மாறி வந்தது. எஞ்சின் ஒரு வருஷத்து மாடல், கியர்பாக்ஸ் இன்னொரு வருஷத்து மாடல். முன்பு வைத்திருந்தவர்கள் கிடைத்ததைப் பூட்டி ஓட்டியிருந்தார்கள். அதனால் லாரியின் பெயரைச் சொல்லிச் சாமான் வாங்கிவிட முடியாது. பல் கணக்கு, பல்லின் சாய்வு, நடுத்துளையின் அளவு மூன்றும் ஒத்துப்போக வேண்டும். புதுப்பேட்டையில் பழைய லாரிகளை உடைத்து விற்கும் கடைகளில்தான் தேட வேண்டும். மாமா மின்சார ரயிலில் போய்த் தேடிவிட்டு வந்தார்.

முதல் தடவை கொண்டுவந்த சக்கரத்தில் ஒரு பல் குறைந்தது. கடைக்காரன் மாற்றிக் கொடுத்துவிட்டான் என்றார். அடுத்த தடவை பல் சரியாக இருந்தது, நடுத்துளை பெரியது. இடையில் பேரிங் வந்தது, அதுவும் வேறு மாடல் என்று திரும்பிப் போனது.

எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. சாமான்களைப் பழைய வாரப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொடுப்பார்கள். எண்ணெய்க் கறையோடு இருக்கும் அந்தத் தாளை நான் உரக்கப் படிப்பேன். பாதித் தொடர்கதை இருக்கும். கதாநாயகி கடிதத்தைப் பிரிக்கும் இடத்தில் தாள் கிழிந்திருக்கும்.

"அப்பால இன்னா ஆச்சு?" என்பார் மாமா.

"தெரியலியே மாமா."

"அப்ப நாமளே சொல்லிக்கலாம். கடுதாசில இன்னா எழுதிக் கீது, நீ சொல்லு."

மத்தியானம் குழம்பைச் சுடவைத்து இரண்டு பேரும் லாரி நிழலில் உட்கார்ந்து சாப்பிடுவோம். மாமா ரொம்ப மெதுவாகச் சாப்பிடுவார். வீட்டுக்குள் படுக்கச் சொன்னாலும் கேட்காமல் லாரி கேபினிலேயே படுத்துக்கொள்வார். மாட்டுக்காரரிடம் மணி கேட்கப் போவதை நான் மறந்தே போனேன்.

அப்பாதான் பொறுமை இழந்தார். வேறு ஒருவர் வண்டியை ஓட்டுவது அவருக்கு ஆகவில்லை.

"இன்னா மச்சான், இருவது வருசமா கியர்பாக்ஸ் கட்டுறீங்க. ஒரு சக்கரம் பாத்து வாங்க முடியலியா?"

"இந்த மாடல் கெடைக்கறது பேஜாரு, மாப்ள."

"நாளிக்கு நானும் வரேன்."

மறுநாள் மூன்று பேரும் தாம்பரத்தில் ரயிலேறி எழும்பூரில் இறங்கி நடந்தோம். கடைக்குள் இரும்பு மலைபோலக் குவிந்திருந்தது. மாமா அதில் கைவிட்டுத் துழாவி ஒரு சக்கரத்தை எடுத்து, விரலால் ஒரு சுற்றுத் தடவிவிட்டு, "இதான்" என்றார். அப்பாவுக்கு முகம் மலர்ந்தது.

நான் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு எண்ணினேன். யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை. அந்த ஒரு மாதத்தில் நான் கற்ற ஒரே வித்தை அதுதான். அதை அப்பாவுக்குக் காட்ட வேண்டும்போல இருந்தது.

"மாமா, இதுல முப்பத்திரண்டு இருக்கு."

"சரியா எண்ணு பாப்பா."

மறுபடியும் எண்ணினேன். முப்பத்திரண்டு. கடைக்காரரும் எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இன்னா மேஸ்திரி, கொயந்த கரீட்டா சொல்லுதே." அவரே உள்ளே போய் வேறொரு சக்கரம் கொண்டுவந்தார். முப்பத்தொன்று. நான் கையோடு கொண்டுபோயிருந்த பழைய சக்கரத்தை அதன்மேல் வைத்தேன். துளையோடு துளை பொருந்தியது.

அப்பா கடைவாசலிலேயே என் தலையைத் தடவி, "எம்பொண்ணு இல்லாங்காட்டி இன்னும் ஒரு மாசம் ஓடியிருக்கும்" என்றார். ரயிலில் மாமா ஜன்னலோரம் எனக்கு விட்டுக்கொடுத்தார். பல்லாவரம் தாண்டியபோது, "நல்லா எண்ணின" என்றார். நான் மீனம்பாக்கத்திலிருந்தே அந்தப் பாராட்டுக்காகத்தான் காத்திருந்தேன்.

இரண்டே நாளில் கியர்பாக்ஸ் மேலே ஏறியது. மேடவாக்கம் வரைக்கும் ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது கியர் கழன்றுகொள்ளவில்லை. மறுநாள் காலை மாமா கிளம்பினார். பஸ் நிறுத்தம் வரைக்கும் நான் கூடப் போனேன்.

"மறுபடியும் எப்ப மாமா வருவீங்க?"

"வண்டி ரிப்பேர் ஆனா வரேன்."

பஸ் போன பிறகு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தேன். காலிமனையில் கோணி இருந்த இடத்தில் எண்ணெய்க் கறை மட்டும் இருந்தது. பள்ளி திறக்கப் பத்து நாள் பாக்கி. ஒவ்வொரு சாயங்காலமும் லாரி வரும் சத்தத்தை உன்னிப்பாகக் கேட்பேன். எங்காவது அரைபடுகிறதா, நழுவுகிறதா என்று. சாமியிடம்கூடக் கேட்டேன். மாமா கட்டிய கியர்பாக்ஸ் அப்பா அந்த லாரியை விற்கும் வரைக்கும் ஒருமுறைகூடத் தகராறு செய்யவில்லை.

என் கல்யாணத்துக்கு மாமா வந்தார். நாயுடுபேட்டைப் பக்கம் வேலை என்றார். பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்து அதே நிதானத்தோடு சாப்பிட்டார். அவர் காலமான செய்தி வந்த அன்றைக்குத்தான், அந்தக் கோடையைப் பற்றி அம்மாவிடம் பேச்சு வந்தது. மாமாவுக்குப் பல் எண்ணத் தெரியாததையும் நான் கண்டுபிடித்ததையும் சிரித்துக்கொண்டே சொன்னேன். அம்மா சிரிக்கவில்லை.

"கண்ணை மூடிக்கினு கையால தடவியே எத்தினி பல்லுன்னு சொல்லுவாரு எங்கண்ணன்" என்றாள். "அவரு இருந்த ஷெட்டை அந்த மாசம் வித்துட்டாங்க. ரூமும் போயிடுச்சு. எனக்கே பின்னாடிதான் தெரியும். தங்கச்சி வூட்ல சும்மா இருக்கறேன்னு அவரு வாயத் தெறந்து கேக்க மாட்டாரு."

அப்பா பக்கத்தில்தான் இருந்தார். "சொல்லியிருந்தா இருங்கன்னு சொல்லியிருப்பேனே" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

நானும் சொல்லியிருக்கலாம். பஸ் நிறுத்தத்தில் எவ்வளவு நேரம் நின்றோம். போகாதீங்க மாமா என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. வேலை முடிந்தால் பெரியவர்கள் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் போவதற்கு ஒரு வீடு இருக்கிறது என்றும் நினைத்திருந்தேன்.