மெதுவாக அடிக்க வேண்டிய பாட்டு

எங்கள் ராக் பேண்டில் நான் டிரம்மர். காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ் ஓட்டிய தன் அப்பா மாரடைப்பில் இறந்தபோது, பாடகன் ஜெரால்டு அவருக்காக ஒரு பாட்டு எழுதினான். மெதுவான, அழவைக்கிற பாட்டு.

சிதம்பரம் மேடையில், பதற்றத்தில் அதை இரண்டு மடங்கு வேகத்தில் தொடங்கிவிட்டேன். கூட்டம் எழுந்து ஆடியது. அதன்பிறகு எல்லா ஊரிலும் அந்த வேகத்தையே கேட்டார்கள். மேடைக்கு மேடை பாட்டு இன்னும் வேகமாக ஓடியது. ஜெரால்டு மூச்சு வாங்கப் பாடுவான். ஒரு வார்த்தை குறை சொல்லமாட்டான். அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

கடலூரில் முதல் வரிசையில் அவன் அம்மா. அன்று பிடிவாதமாக மெதுவாகவே அடித்தேன். வேகமாக அடிக்கச் சொல்லிக் கூட்டம் கத்தியது, நான் கேட்கவில்லை.

முடிந்ததும் அவன் அம்மா நேராக என்னிடம் வந்தார்.

"ஏம்பா, இன்னைக்கு பாட்டு இப்படி இழுக்குது? போன்ல பாத்தப்ப நல்லா ஓடுச்சே."

"அப்பாவோட பாட்டும்மா, அதான்..."

"அவரு என்னைக்குப்பா மெதுவா ஓட்டுனாரு? படியில நிக்கிறவன் மாதாவ கூப்புட்டுக்கிட்டேதான் வருவான்!"

ஜெரால்டு விழுந்து விழுந்து சிரித்தான். நான் சேர்த்துவைத்திருந்த மன்னிப்புக்கு வேலையில்லாமல் போனது.

இப்போதும் வேகமாகத்தான் அடிக்கிறேன். கடைசி வரிக்கு முன்னால் மட்டும் சட்டென்று நிறுத்துகிறேன். ஜெரால்டின் அப்பா பஸ்ஸை நிறுத்தி இறங்க வேண்டுமே.