தியாகம் என்று எழுதிய விடை

பிளஸ் ஒன்னில் எங்களுக்குத் துணைப்பாடமாக ஒரு பழைய நாவல் இருந்தது. தம்பியைப் படிக்கவைப்பதற்காகக் கல்யாணமே வேண்டாம் என்று நின்றுவிடும் பெண்ணின் கதை. "கதைத்தலைவியின் தியாகத்தை விளக்குக" என்ற கேள்விக்கு ஒன்றரைப் பக்கம் மனப்பாடம் செய்திருந்தேன். பரீட்சையில் அதுவே வந்தது.

அமெரிக்காவில் வங்கிகள் விழுந்த வருஷம் எனக்கு வேலை போயிற்று. அப்போது செகந்திராபாத்தில், லோத்குண்டா பகுதியில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். கீழே வீட்டுக்கார ஆன்ட்டி. மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்ததால் தமிழ் பேசுவார், படிக்கத் தெரியாது. மதுரையிலிருந்து கொண்டுவந்த அந்த நாவலை என் கையில் பார்த்துவிட்டு, "சும்மாதானே இருக்கே, எனக்கும் படிச்சுக் காட்டேன்," என்றார்.

மத்தியானங்களில் படித்தேன். அவர் பட்டாணி உரித்தபடி கேட்பார். மாப்பிள்ளை வீட்டாரைத் திருப்பி அனுப்பும் அத்தியாயத்தில் என் குரல் தானாகக் கனத்தது. அவர் சிரித்துவிட்டார்.

"கைக்கு இப்படி அழுற மாதிரி படிக்கிறே?" 'ஏன்' என்பதற்கு அந்த ஊர் உருதுவின் 'கைக்கு'தான் அவர் வாயில் வரும்.

"தம்பிக்காகத் தன் வாழ்க்கையையே விட்டுக்கொடுக்கிறா, ஆன்ட்டி."

"அதெல்லாம் நக்கோ, விடு. அவளுக்கு அந்த மாப்பிள்ளையைப் பிடிக்கல. தம்பி ஒரு சாக்கு. அந்த ஆள் வந்தாலே இவ எழுந்து உள்ளே போயிடறாளே, மறுபடி பாரு."

பின்னால் புரட்டினேன். அவன் வரும்போதெல்லாம் அவள் எழுந்து போகிறாள். நாணம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நாவலில் அந்தச் சொல் இல்லை.

"என்னைப் பத்தியும் அப்படித்தான் சொன்னாங்க," என்றார் ஆன்ட்டி. "தங்கச்சிங்களுக்காக நின்னுட்டான்னு. அப்பா எல்லார்கிட்டேயும் பெருமையா சொல்லுவார். நானும் இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"நிஜத்துல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. பொண்ணு பார்க்க வந்தவன் நல்ல மனுஷன்தான், பேங்க்ல வேலை. பேசிட்டே இருந்தான். காபி ஆறிப்போச்சு, அப்பவும் பேசிட்டிருந்தான். எனக்கு வேணாம்னு தோணிச்சு. அதைச் சொன்னா யார் ஒத்துக்குவாங்க? தங்கச்சிங்கன்னு சொன்னேன். உடனே ஒத்துக்கிட்டாங்க."

காய்கறி விலை சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, மேலே படிக்கச் சொன்னார்.

கடைசி அத்தியாயத்தில் கதைத்தலைவி ஜன்னலருகே தனியாக உட்கார்ந்திருப்பாள். பள்ளியில் அதைப் படித்தபோது பின் பெஞ்சில் ஒருத்தி நிஜமாகவே அழுதாள். ஆன்ட்டி கேட்டு முடித்துவிட்டு, "நிம்மதியா இருக்கா," என்றார்.

எனக்கு முழுதாக ஒப்பவில்லை. அவள் கண் ஈரமாயிருந்தது என்றும் அதே பத்தியில் இருந்தது. அந்த வரியைத் திரும்பப் படித்துக் காட்டினேன்.

"இருக்கும்," என்றார். "அதுக்கென்ன, எப்பவாவது வரும்."

அடுத்த மாதம் வேறு கம்பெனியில் வேலை கிடைத்து, நகரின் இன்னொரு கோடியிலிருந்த குகட்பள்ளிக்குக் குடிமாறினேன். வேறு நாவல் எதுவும் நாங்கள் சேர்ந்து படிக்கவில்லை.